ரெற்றினோலுக்குப் பதிலாகக் கார்போகரிசியை அரைத்துப் பூசலாமா?

நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 34. கனடாவில் இருந்து வந்த மச்சாள் தந்த, முகச் சுருக்கம் குறையப் பூசுகிற ரெற்றினோல் சீரத்தை ஒவ்வோர் இரவும் பூசினீர்கள். கொஞ்ச நாளிலேயே கன்னம் சிவந்து, வாயோரம் செதில் செதிலாக உரிந்து, எரிவு தாங்க முடியாமல் போனது. சிவப்பு அடங்கிய இடமெல்லாம் இப்போது கறுத்து நிற்கிறது. இரண்டாவது பிள்ளைக்கும் யோசிக்கிறீர்கள், அந்த நேரத்தில் ரெற்றினோல் கூடாது என்றும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஆகவே தாவரத்தில் இருந்து எடுக்கிற மென்மையான மாற்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். பாகுச்சியோல் நல்லது என்கிறார்களே, அது கார்போகரிசியில் இருந்துதானே வருகிறது, அதையே மருந்துச் சரக்குக் கடையில் வாங்கி அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினால் என்ன என்பது உங்கள் சித்தியின் யோசனை.

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. மென்மையான மாற்று உண்டா என்பது ஒன்று. தாவரம் என்றாலே மென்மை என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது மற்றது. முதலாவதற்கு ஓரளவுக்கு ஆம். இரண்டாவதற்கு இல்லவே இல்லை. சித்தி சொன்னதைச் செய்ய வேண்டாம். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் மறக்காதீர்கள்.

நான் மருந்தாளர். அரச வைத்தியசாலையில் தோல் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு மருந்து கொடுக்கிற ஜன்னலிலும், பிறகு யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பாமசியிலுமாகப் பல வருடம் நின்றவள். எந்தப் பொருளில் என்ன இருக்கிறது, அது தோலில் போய் என்ன செய்கிறது, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பது என் தொழில். முகத்தைப் பார்க்காமல் அந்தக் கறுப்பு என்ன வகை என்று சொல்வது என் தொழில் இல்லை. அது தோல் வைத்தியர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

கார்போகரிசியில் இருந்தே தொடங்குகிறேன். கறுப்பாய், சின்னதாய், சிறுநீரக வடிவில் சப்பையாய் இருக்கும். விரலால் நசித்தால் பிசுபிசுப்போடு ஒரு காரமான மணம் வரும். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இது பழைய மருந்து, முக்கியமாக வெண்படைக்கு. ஏன் வெண்படைக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இந்த விதையில் சோராலென், ஐசோசோராலென் என்று இரண்டு பொருட்கள் உண்டு. இவை தோலில் இருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் பட்டால், தோல் கலங்களின் மரபணு இழையில் போய் ஒட்டிக்கொண்டு அதைத் தாக்கும். அளவாகப் பூசி, அளவாக வெயில் காட்டி, நிறமிக் கலங்களைத் தட்டியெழுப்புவதுதான் அந்தச் சிகிச்சை. நவீன மருத்துவத்திலும் சோராலெனையும் புற ஊதா ஏ கதிரையும் சேர்த்துச் செய்கிற சிகிச்சை இருக்கிறது. அங்கே மருந்தும் கணக்கு, வெளிச்சமும் கணக்கு. எத்தனை நேரம் வெளிச்சத்தில் நிற்பது என்பதைக் கூடச் சிறிது சிறிதாகத்தான் கூட்டுவார்கள்.

வீட்டில் அரைத்துப் பூசும்போது அந்தக் கணக்கு எதுவும் கிடையாது. விதைக்கு விதை சோராலென் அளவு மாறும். எண்ணெயில் ஊறியது, காலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் முழுக்கப் போய்விடும் என்று நம்ப முடியாது. அதோடு பத்து மணி வெயிலில் ஸ்கூட்டியில் ஒரு ஓட்டம் போய் வந்தால் போதும். இதில் மோசமான பகுதி என்னவென்றால், காயம் அன்றைக்கே தெரியாது. ஒரு நாள் கழித்துத்தான் சிவக்கத் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். அதற்குள் ஆக்கள் பூசினதை மறந்துவிட்டு, சாப்பிட்ட இறாலிலும் புதுச் சவர்க்காரத்திலும் பழியைப் போடுவார்கள். சிவப்புக்குப் பிறகு கொப்புளம், கொப்புளம் காய்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கறுப்பு. எண்ணெய் நாடியால் வழிந்து கழுத்துக்கு இறங்கிய கோட்டின் மேலேயே கறுப்பும் கோடாக இறங்கி நிற்பதையும், பூசின விரல் பட்ட இடத்தில் விரல் அடையாளமாகவே நிற்பதையும் நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு வடிவத்தைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, என்ன பூசிக்கொண்டு வெயிலில் போனீர்கள் என்றுதான்.

தேசிக்காயிலும் இதே குடும்பத்துப் பொருட்கள் இருக்கின்றன, காயின் தோலில் இன்னும் கூடுதலாக. முகம் வெளுக்கத் தேசிப்புளியும் தேனும் பூசச் சொல்கிற ஆலோசனை எங்கள் ஊரில் இன்னும் ஓயவில்லை. அதுவும் இதே கதைதான். புளி தோலை எரிக்கும், வெயில் மிச்சத்தைச் செய்யும்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பரியாரியார் நேரில் பார்த்து, இந்த நோய்க்கு இந்த அளவு என்று கொடுப்பது வேறு. சித்த மருந்துதான் வேண்டும் என்றால் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குப் போய் வைத்தியரிடம் முகத்தைக் காட்டிக் கேளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று உள்ளுக்குச் சாப்பிடவும் வேண்டாம். கார்போகரிசியை உட்கொண்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவ அறிக்கைகள் இருக்கின்றன.

சரி, பாகுச்சியோலுக்கு வருவோம். அந்த விதையில் இருக்கும் பல பொருட்களில் அது ஒன்று. 1966இல் இந்திய ஆய்வாளர்கள் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ஒழுங்கான தயாரிப்பில் சோராலென்களை நீக்கிச் சுத்திகரித்த பாகுச்சியோல்தான் இருக்கும். ஆகவே சீரம் வாங்கும்போது உள்ளடக்கப் பட்டியலில் பாகுச்சியோல் என்ற பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதிலாகக் கார்போகரிசியின் தாவரவியல் பெயரைப் போட்டுச் சோராலியா கோரிலிஃபோலியா விதை எண்ணெய் என்றோ, பாப்ச்சி ஒயில் என்றோ எழுதியிருந்தால் அது வேறு சாமான். போத்தல் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பாகுச்சியோல் வேலை செய்யுமா? அதற்கு ரெற்றினோல் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். ரெற்றினோல் விற்றமின் ஏயின் ஒரு வடிவம். தோலுக்குள் போய் இரண்டு படியில் ரெற்றினோயிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் கலத்தின் கருவுக்குள் இருக்கும் ஏற்பிகளில் பொருந்தி, தோலைத் தாங்கி நிற்கிற கொலாஜன் என்ற புரதம் உண்டாவதைக் கூட்டுகிறது, கொலாஜனைச் சிதைக்கிற நொதிகளைக் குறைக்கிறது, மேல்தோல் புதுப்பிக்கிற வேகத்தையும் கூட்டுகிறது. ரெற்றினோயிக் அமிலமே ட்ரெற்றினோயின் என்ற பெயரில் 1971இல் அமெரிக்காவில் முகப்பருவுக்கு அங்கீகாரம் பெற்ற மருந்து. அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு ஆய்வு நிற்கிறது. பாகுச்சியோலுக்கு விற்றமின் ஏயோடு வடிவத்தில் ஒற்றுமையே இல்லை. ஆனாலும் இரண்டும் தோலில் ஒத்த மரபணுக்கள் பலவற்றைத் தூண்டுகின்றன என்று 2014இல் ஓர் ஆய்வுகூட ஆய்வு காட்டியது. பாகுச்சியோல் பிரபலமானது அதற்குப் பிறகுதான்.

மனிதர்களில் செய்த ஆய்வுகளில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 2018இல் பிரித்தானியத் தோல் மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வந்தது. 44 பேர், 12 கிழமை. ஒரு பகுதியினர் 0.5 வீதப் பாகுச்சியோலை நாளுக்கு இரண்டு தரம் பூசினார்கள், மற்றவர்கள் 0.5 வீத ரெற்றினோலை ஒரு தரம். சுருக்கமும் கறுப்பும் இரண்டு பகுதியிலும் குறைந்தன, பகுதிகளுக்கிடையே புள்ளிவிபரப்படி வித்தியாசம் தெரியவில்லை. ரெற்றினோல்காரருக்குச் செதிலும் குத்தெரிவும் கூட இருந்தன. இது நல்ல செய்தி. ஆனால் இதை வைத்துப் பாகுச்சியோல் ரெற்றினோலுக்குச் சமம் என்று விளம்பரம் எழுதுவது கூடுதல். 44 பேர் சின்னக் கூட்டம். சின்னக் கூட்டத்தில் வித்தியாசம் தெரியாமல் போவது இயல்பு, அது சமம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. 12 கிழமைக்குப் பிறகு என்ன என்பதையும் அது சொல்லாது. வேறு சில ஆய்வுகளில் பாகுச்சியோலோடு இன்னும் நாலைந்து பொருள் கலந்த கிறீமைப் பூசியிருக்கிறார்கள், எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை.

ஆகவே என் கணிப்பு இது: சுத்திகரித்த பாகுச்சியோல் 0.5 முதல் 1 வீதம் வரை, எரிவு குறைந்த, நம்பிக்கை தருகிற ஒரு பொருள். வெளிச்சத்தில் ரெற்றினோல் மாதிரி லேசில் சிதையாது. ஆனால் அதுவும் எல்லோருக்கும் ஒத்துவரும் என்றில்லை, ஒவ்வாமையால் தோல் அழற்சி வந்தவர்கள் பற்றிய அறிக்கைகள் உண்டு. முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் காலை மாலை ஒரு கிழமைக்குப் பூசிப் பாருங்கள். சொறியோ சிவப்போ வராவிட்டால் முகத்துக்குப் போகலாம். ஒரு நாள் பூசிப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம், ஒவ்வாமை சில நாள் எடுத்துத்தான் முகம் காட்டும்.

பிள்ளைக்கு யோசிப்பதைப் பற்றி. ரெற்றினோலின் இனத்தில் வருகிற, கடும் பருவுக்கு உள்ளுக்குக் குடிக்கிற ஐசோட்ரெற்றினோயின் கருவில் இருக்கும் பிள்ளைக்குப் பெரிய பாதிப்பைச் செய்யும், அதில் சந்தேகமே இல்லை. பூசுகிற ரெற்றினோலும் ட்ரெற்றினோயினும் இரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேரும், ஆனாலும் முன்னெச்சரிக்கையாகத் தவிர்க்கச் சொல்வதே வழக்கம். பிள்ளைக்கு முயற்சி தொடங்கும்போதே நிறுத்திவிடுங்கள். தெரியாமல் பூசிவிட்டு, பிறகு பிள்ளைத்தாய்ச்சி என்று தெரியவந்து அழுதுகொண்டு வந்தவர்களுக்கு நான் சொல்வது: அப்படித் தற்செயலாகப் பூசியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் ஊனம் கூடியதாகத் தெளிவாகக் காணப்படவில்லை. நிறுத்துங்கள், மகப்பேற்று வைத்தியரிடம் சொல்லுங்கள், பயந்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம். பாகுச்சியோலைக் கர்ப்ப காலத்துக்குப் பாதுகாப்பானது என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி அடித்துச் சொல்கிற அளவுக்குக் கர்ப்பிணிகளில் ஆய்வு நடக்கவில்லை. அது விற்றமின் ஏ இல்லை என்பது மட்டும்தான் உண்மை. வயிற்றில் பிள்ளை இருக்கும் மாதங்களில் அதையும் ஒதுக்கி வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த மாதங்களுக்கு எது? அசெலெயிக் அமிலம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே உள்ள பொருள், கிறீமில் வருவது ஆலையில் செய்தது. அதனால் ஒரு குறையும் இல்லை. 15 அல்லது 20 வீதத்தில் முகப்பருவுக்கும், முகத்தில் திட்டாகப் படர்கிற கரும்படைக்கும் நல்ல சான்று உள்ளது. கர்ப்பத்திலும் பாவிக்கலாம் என்று வைத்தியர்கள் கொடுக்கிற சிலவற்றில் இது ஒன்று. முதல் கிழமைகளில் கொஞ்சம் ஊரலும் குத்தலும் இருக்கும், ஒன்றுவிட்டு ஒருநாள் தொடங்கினால் பழகிவிடும். இதற்கு வைத்தியரின் துண்டோடு பாமசிக்குப் போங்கள். நயசினமைட் என்கிற விற்றமின் பி3 இன்னும் மென்மை. 4, 5 வீதத்தில் தோலின் தடுப்புச் சுவரைப் பலப்படுத்தும், கறுப்பையும் மெல்லிய கோடுகளையும் மெதுவாகக் குறைக்கும். 10 வீதம் என்று பெரிதாகப் போட்டிருப்பதைத் தேடி வாங்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டுப் பின்வளவில் நிற்பவற்றில் நான் உண்மையில் மதிக்கிறது வல்லாரையை. மேடகாசோசைட், ஆசியாற்றிகோசைட் என்ற பொருட்கள் அதில் உள்ளன. புண் ஆற்றுவதிலும் எரிந்த தோலை அமர்த்துவதிலும் இவை பற்றி ஆய்வு உண்டு. கொரியாவில் இருந்து வருகிற, சிக்கா என்று பெயர் போட்ட கிறீம் எல்லாம் இதே வல்லாரைதான். மேடகாசோசைட்டும் விற்றமின் சியும் கலந்த கிறீமை ஆறு மாதம் பூசியதில் வெயிலால் மூப்படைந்த தோல் முன்னேறியது என்று ஒரு சின்ன ஆய்வும் இருக்கிறது. உங்கள் முகம் இப்போது இருக்கிற நிலைக்கு முதலில் வாங்க வேண்டியது வல்லாரைச் சாறு சேர்ந்த மணம் போடாத கிறீம் ஒன்றுதான், பாகுச்சியோல் கூடப் பிறகு. ஆனால் சம்பலுக்கு அரைக்கிற அதே இலையை அரைத்து உரிந்த தோலில் அப்ப வேண்டாம். மண்ணும் கிருமியும் அதோடு சேர்ந்து வரும், பச்சை இலைக்கு ஒவ்வாமையும் சிலருக்கு வரும். வல்லாரையைச் சம்பலாகச் சாப்பிடுங்கள், முகத்துக்குப் போத்தலில் வருவதை வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கற்றாழை ஈரப்பதம் தரும், எரிவை அமர்த்தும், சுருக்கத்துக்கு ரெற்றினோல் மாதிரி எதுவும் செய்யாது. பச்சைமடல் வெட்டினால் வடிகிற மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள், அந்தப் பால் தோலை அரிக்கும். அதிமதுரச் சாறு சேர்ந்த கிறீம்கள் கறுப்புக்குக் கொஞ்சம் உதவலாம். கரட் எண்ணெயில் உள்ளது பீட்டா கரோட்டின், அதைப் பூசுவதும் ரெற்றினோலைப் பூசுவதும் ஒன்றல்ல. ரோஸ்ஹிப் எண்ணெயில் இயற்கையான ரெற்றினோயிக் அமிலம் இருக்கிறது என்று விற்கிறார்கள். இருப்பது துளியளவு. வறண்ட தோலுக்கு நல்ல எண்ணெய், அவ்வளவுதான்.

மென்மை என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு எங்கள் தோல் நிறமும் ஒரு காரணம். மாநிறமும் கறுப்புமான தோலில் எந்த எரிச்சலும், எந்த அழற்சியும் போகும்போது கறுப்பை விட்டுவிட்டுத்தான் போகும். வெள்ளைத் தோலில் செதில் உரிந்து நாலு நாளில் மறைகிற அதே சம்பவம், எங்களில் நாலு மாதம் நிற்கும். உங்கள் வாயோரத்தில் நிற்பதும் பெரும்பாலும் அதுவாக இருக்கலாம். அது ரெற்றினோலின் குற்றம் என்பதைவிடத் தொடங்கின விதத்தின் விளைவு. எந்த வீதம் என்று பார்க்காமல் நாள்தோறும் பூசினால் யாருக்கும் உரியும். பிள்ளை பிறந்து, பால் மறந்த பிறகு ஒருநாள் மீண்டும் ரெற்றினோலுக்குப் போக விரும்பினால் 0.1 அல்லது 0.2 வீதத்தில், கிழமைக்கு இரண்டு இரவு, ஈரப்பதக் கிறீமுக்கு மேலே, ஒரு பட்டாணி அளவு என்று தொடங்கலாம். அப்படித் தொடங்கினவர்களில் கனபேருக்கு மாற்றே தேவைப்படுவதில்லை. இப்போதுள்ள போத்தலை அதற்காக வைத்திருக்க வேண்டாம். ரெற்றினோல் சூட்டிலும் வெளிச்சத்திலும் காற்றிலும் கெடும், மண்ணிறமாக மாறியிருந்தால் அது எரிக்க மட்டும்தான் உதவும்.

இனி வெயில். தங்கச்சி, சன்ஸ்கிறீன் இல்லாமல் மேலே சொன்ன எதையும் வாங்குவது காசை வீணாக்குவது. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டில் இருந்து 10 பாகைக்குள் இருக்கிறது. சித்திரையிலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேலே நிற்கும். வெயிலின் கடுமையைச் சொல்கிற புற ஊதாச் சுட்டி 11ஐத் தாண்டும் நாட்கள் இங்கே சாதாரணம். தோலில் கோடும் கறுப்பும் விழுவதற்கு வயதைவிட இந்த வெயில் பெரிய காரணம். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத ஒன்றை, சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு இரண்டு கோடு பிழிந்து, முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். ஒரு பொட்டளவு தடவினால் போத்தலில் எழுதியிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக் காலத்துக்கு சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டயொக்சைட் உள்ளவை நிம்மதி. வெள்ளையாகத் தெரிகிறது என்றால் தோல் நிறம் சேர்த்த வகையை வாங்குங்கள். அந்த நிறத்தைக் கொடுக்கிற இரும்பு ஒக்சைட், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுக்கும். கரும்படை உள்ளவர்களுக்கு அது கூடுதல் நன்மை. குடையும் தொப்பியும் இதற்கு மேலே.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தத் தேடலில் கட்டாயம் எதிரே வரும். மூலிகைக் கிறீம், வீட்டில் செய்தது, ஒரு கிழமையில் முகம் பளிச்சென்று ஆகும் என்று லேபிளே இல்லாத டப்பாக்களில் விற்பவை. ஒரு கிழமையில் நிறம் மாறுகிறது என்றால் அதில் பெரும்பாலும் கடும் ஸ்டெரொயிட் அல்லது பாதரசம் இருக்கும் என்று சந்தேகப்படுங்கள். ஸ்டெரொயிட்டைத் தொடர்ந்து பூசினால் நாளடைவில் தோல் மெலிந்து இரத்தக் குழாய் தெரியத் தொடங்கும், நிறுத்தினால் முகம் சிவந்து பரு பொங்கும். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், கருவில் உள்ள பிள்ளைக்கும் போகும். உள்ளடக்கம் எழுதாத எதையும் முகத்தில் வைக்காதீர்கள், அது எவ்வளவு தெரிந்தவர் செய்ததாக இருந்தாலும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சீரத்தை நிறுத்துங்கள். நாலு முதல் ஆறு கிழமைக்கு நுரை குறைந்த ஒரு கழுவி, மேலே சொன்ன வல்லாரை சேர்ந்த மணமில்லாத ஈரப்பதக் கிறீம், பகலில் சன்ஸ்கிறீன், இவை மட்டும். எரிவு முற்றாக அடங்கின பிறகு நயசினமைட்டைச் சேருங்கள், பிறகு வைத்தியர் சரியென்றால் அசெலெயிக் அமிலம். பிள்ளைக்கான முயற்சியைத் தள்ளிவைக்கிறீர்கள் என்றால் மட்டும் பாகுச்சியோல். ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது இரண்டு கிழமை விடுங்கள், அப்போதுதான் எது ஒத்துவரவில்லை என்று தெரியும். கறுப்பு மூன்று மாதத்தில் மங்கத் தொடங்காவிட்டாலோ, இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரிப் பரவினாலோ, கொப்புளமோ நீர்வடிதலோ வந்தாலோ தோல் கிளினிக்குக்குப் போங்கள். போகும்போது இதுவரை முகத்தில் வைத்த எல்லாப் போத்தலையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், சித்தி ஏற்கனவே அரைத்துத் தந்தது ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து.